சாரல் பொது… சாக்கடை யாருடையது?

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, வடகரை: தண்ணீரும் காற்றும் கூட்டமும் ஒன்றாகவே வருகின்றன. உள்ளாட்சி மன்றங்கள்தான் இன்னும் ஒன்றாக உட்காரவில்லை.

அனுமன் நதி மேக்கரை மலையிலிருந்து இறங்குகிறது. 132 அடி உயர அடவிநயினார் அணையில் தேங்கி, பண்பொழி, வடகரை, அச்சன்புதூர் வயல்களை நனைத்துவிட்டு, வீரகேரளம்புதூர் பக்கம் போய்ச் சிற்றாற்றில் சேர்கிறது. குற்றால அருவிகளின் தண்ணீரைச் சுமந்து தென்காசி வழியாக வரும் சிற்றாறு, கடைசியில் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழியில் எத்தனை நகராட்சி, எத்தனை பேரூராட்சி, எத்தனை ஊராட்சி என்று அந்தத் தண்ணீர் கேட்பதில்லை. நாம்தான் கேட்கிறோம். ஓடையில் குப்பை அடைத்தாலும் சாலையோரம் கழிவுநீர் தேங்கினாலும் இந்தப் பகுதியில் முதலில் கிடைக்கும் பதில், "அது எங்க லிமிட் இல்லை" என்பதுதான்.

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து பிறந்தது. 6 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 10 ஊராட்சி ஒன்றியங்கள், 221 கிராம ஊராட்சிகள். மக்கள்தொகை 2011 கணக்குப்படி சுமார் 14 லட்சம். இதில் மேற்கு மூலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். தென்காசி, செங்கோட்டை நகராட்சிகள். குற்றாலம், மேலகரம், இலஞ்சி, சுந்தரபாண்டியபுரம், ஆய்க்குடி, பண்பொழி, வடகரை கீழ்ப்பிடாகை, அச்சன்புதூர் பேரூராட்சிகள். இடையிடையே ஆயிரப்பேரி, மத்தளம்பாறை, புளியரை போன்ற ஊராட்சிகள். ஒரு மொபெட்டில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அரை நாளில் அத்தனையையும் சுற்றி வந்துவிடலாம். மேலகரம் எங்கே முடிகிறது, குற்றாலம் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அந்த அளவுக்கு வீடுகள் நெருங்கிவிட்டன.

இங்கே எல்லைகள் இன்று நேற்றுப் பிரிந்தவை அல்ல. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை கேரளப் பக்கத்து ஆட்சியின் கீழ் இருந்தது. தென்காசியும் வடகரையும் சென்னை மாகாணத்தில். எட்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டு ஆட்சி, இரண்டு சுங்கம், இரண்டு வரி. ஆனாலும் 1904இலேயே திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடியது. மலையைக் குடைந்தும், கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் கட்டியும், இரண்டு அரசுகளின் நிலத்தில் ஒரே தண்டவாளத்தைப் போட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டு அரசுகளால் முடிந்தது, இன்று ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் இரண்டு பேரூராட்சிகளால் முடியாதா?

சீசன் வந்தால் தெரியும்

ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் சிக்கல் முழுவதும் வெளியே வந்துவிடும். குற்றாலத்தின் நிரந்தரக் குடிமக்கள் சில ஆயிரம் பேர்தான். சீசனில் வார இறுதி ஒன்றில் வந்து குவியும் கூட்டம் அதைப்போல் பல மடங்கு. அந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர், கழிப்பறை, வாகன நிறுத்தம், தெருவிளக்கு, துப்புரவு எல்லாவற்றையும் சிறிய பேரூராட்சி ஒன்று தன் சொந்தத் தலையில் சுமக்கிறது. இந்த ஊர் மற்றப் பேரூர்களைப் போன்றதல்ல என்று அரசுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. 1954இலேயே குற்றாலம் நகரியத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் குற்றாலத்தின் எல்லைக்குள் நின்றது. கூட்டம் நிற்கவில்லை.

தங்குவதற்கு இலஞ்சி, மேலகரம், தென்காசி, குளிப்பதற்குக் குற்றாலம், பேருந்து, ரயிலுக்குத் தென்காசி, செங்கோட்டை. பேரருவியில் இடம் கிடைக்காவிட்டால் ஐந்தருவி, அங்கும் கூட்டம் என்றால் பழைய குற்றாலம். பழைய குற்றாலம் குற்றாலம் பேரூராட்சியில் இல்லை. ஆயிரப்பேரி ஊராட்சியில் இருக்கிறது. பயணி பார்ப்பது ஒரே குற்றாலத்தை. அதைப் பராமரிப்பதோ பேரூராட்சி, ஊராட்சி, வனத்துறை, நீர்வளத்துறை, அறநிலையத்துறை, நெடுஞ்சாலைத்துறை, போலீஸ் என்று ஒரு நீண்ட வரிசை.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள். பாளையங்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த 17 வயதுப் பையன் ஒருவன் திரும்பவில்லை. அதன்பின் அருவியை வனத்துறையிடம் ஒப்படைக்கும் பேச்சு எழுந்தது. ஊராட்சியின் வருமானமும் உள்ளூர்க் கடைக்காரர்களின் பிழைப்பும் போய்விடும் என்று எதிர்ப்பும் கிளம்பியது. அருவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. மலைமேல் மழை கொட்டுகிறது என்ற செய்தி, கீழே குளிக்கிறவன் காதுக்கு எத்தனை நிமிடத்தில் வந்து சேர்கிறது? மழை பெய்வது வனத்துறையின் காட்டில். தண்ணீர் விழுவது ஊராட்சி எல்லையில். குளிக்கிறவன் விடுதி எடுத்திருப்பது பக்கத்துப் பேரூராட்சியில். இந்த மூன்று இடத்தையும் ஒரே சங்கிலியில் கோத்திருந்தால்தான் அபாயச் சங்கு சரியான நேரத்தில் ஊதும். அதே ஆண்டு டிசம்பர் நடுவில் பெய்த கனமழையில் அருவிகளும் சிற்றாறும் மறுபடி மிரட்டின. தண்ணீர் இரண்டாம் தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்தான் உரிமை

போக்குவரத்துக்கு வருவோம். வடகரையில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் தென்காசி தலைமை மருத்துவமனை. பிள்ளைக்குக் கல்லூரி என்றால் குற்றாலம். மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனம் இயங்குகிறது. சுற்றுவட்டார இளைஞர்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். கீழப்பாவூர், ஆலங்குளம், கடையநல்லூர் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் இலை வாங்கவும் பீடி ஒப்படைக்கவும் அலைகிறார்கள். சுரண்டை, பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு விடியுமுன் மூட்டைகள் போகின்றன. எல்லாமே ஓர் ஊரில் குடியிருந்து மற்றோர் ஊரில் பிழைக்கும் வாழ்க்கை. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பிறகு, பஸ் வருகிற ஊரில் ஒரு பெண்ணின் மாதச் செலவே மாறியிருக்கிறது. வராத ஊரில் ஷேர் ஆட்டோவுக்குக் காசு போய்க்கொண்டே இருக்கிறது.

பேருந்து நிலையம் கட்டுவதும், கடைகளை ஏலம் விடுவதும், உள்ளே வரும் வண்டிக்குக் கட்டணம் வாங்குவதும் உள்ளாட்சியின் வேலை. எந்தப் பஸ் எந்த வழியில், எத்தனை மணிக்கு என்பதில் உள்ளாட்சிக்குச் சொல் கிடையாது. வழித்தட அனுமதி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம். ஓட்டுவது அரசுப் போக்குவரத்துக் கழகமும் தனியாரும். ஆகவே ஒவ்வொரு பேரூராட்சியும் தனக்கு ஒரு பஸ் கேட்டுத் தனித்தனியாக மனு போடுகிறது. இலஞ்சிக்கு ஒரு மனு, அச்சன்புதூருக்கு ஒரு மனு, வடகரைக்கு ஒரு மனு. மூன்று ஊரும் சேர்ந்து, ரயில் வரும் நேரத்தையும் பள்ளி விடும் நேரத்தையும் மார்க்கெட் நேரத்தையும் வைத்து ஒரே அட்டவணை வரைந்து கொடுத்தால், அதைத் தூக்கி ஓரமாக வைக்க எந்த அதிகாரிக்கும் கை வராது. சீசனில் சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள், நல்லது. கார்களைத் தென்காசி, இலஞ்சி எல்லையிலேயே நிறுத்திவிட்டு அருவிகளுக்குச் சுற்றுப் பேருந்து விடுவதுதான் அடுத்த படி. அதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. நிறுத்தக் கட்டணம் எந்த மன்றத்தின் கணக்கில் சேரும்? இந்த ஒரு கேள்விக்கு விடை எழுதிக் கையெழுத்துப் போடாமல் எந்தத் திட்டமும் நகராது. வருமானத்தைப் பங்கு பிரிக்கும் ஒப்பந்தம்தான் ஒத்துழைப்பின் முதல் காகிதம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1965இல் இதைத்தான் செய்தார்கள். தனித்தனியாக ஓடிய ரயில், பஸ், படகு நிறுவனங்கள் ஒரே கூட்டமைப்பில் சேர்ந்தன. ஒரே கட்டணம், ஒரே டிக்கெட். வசூலை ஒரே இடத்தில் சேர்த்துப் பிரித்துக்கொண்டார்கள். உலகின் பல நகர வட்டாரங்கள் பிறகு பின்பற்றிய முறை அது. தொழில்நுட்பம் அதில் பெரிதாக இல்லை. வசூலைப் பங்கிடச் சம்மதித்த மனசுதான் பெரிது.

சாலையிலும் இதே கதைதான். கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊர்களின் நடுவே போகிறது. எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் புளியரை வழியாகக் கேரளா போகின்றன. புளியரை எஸ் வளைவில் ஒரு லாரி மக்கர் செய்தால் செங்கோட்டை வரை வண்டிகள் நிற்கும். தென்காசியில் தனியாகப் போராட்டம், செங்கோட்டையில் தனியாக மனு, புளியரையில் தனியாக மறியல். லாரி போகும் பாதை முழுவதிலுமுள்ள மன்றங்கள் ஒரே நேரக் கட்டுப்பாட்டை, ஒரே வாசகத்தில், ஒரே வாரத்தில் தீர்மானமாகப் போட்டு அனுப்பினால் அதன் கனமே வேறு.

காற்று அடிக்கும் மாதத்தில்தான் கரண்டும் அதிகம்

உள்ளாட்சியின் மின் கட்டணத்தில் பெரும்பகுதி இரண்டு இடத்தில் போகிறது: தெருவிளக்கு, தண்ணீர் மோட்டார். தெருவிளக்கை எல்.இ.டி.யாக மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. மோட்டாரைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக் குறைந்தது 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். இயற்கை விதிப்படி அதற்குக் கீழே போக முடியாது. பம்பின் திறன் 65 சதவீதம் என்றால் 0.42 யூனிட் ஆகும். பல முறை ரீவைண்டிங் பார்த்து, இம்பெல்லர் தேய்ந்து, திறன் 40 சதவீதத்துக்கு இறங்கிய பம்பு என்றால் 0.68 யூனிட். அதே தண்ணீர், அதே தொட்டி; யூனிட்டில் பாதிக்கு மேல் கூடுதல். ஆண்டு முழுவதும், தினமும் பல மணி நேரம். இந்தப் பணம் வாய்க்காலும் சாலையும் போடப் போயிருக்க வேண்டிய பணம்.

இதைக் கண்டுபிடிக்க ஆற்றல் தணிக்கை வேண்டும். வடகரை மாதிரியான ஒரு பேரூராட்சி தனியாக ஒரு தணிக்கையாளரை வரவழைத்தால் கட்டுப்படி ஆகாது. பத்துப் பன்னிரண்டு மோட்டாருக்காக யாரும் மெனக்கெட்டு வரவும் மாட்டார்கள். பத்து மன்றங்கள் சேர்ந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட மோட்டார்கள். ஒரே தணிக்கை, ஒரே டெண்டர், ஒரே பராமரிப்பு ஒப்பந்தம். விலை இறங்கும், உதிரிபாகம் ஒரே இடத்தில் கிடைக்கும், ஓர் ஊரில் மோட்டார் காயில் போனால் பக்கத்து ஊரின் ஸ்பேர் மோட்டார் அன்று மாலையே வந்துவிடும். கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்ற பெயரில் பல ஊர்கள் ஒரே குழாயில் தாமிரபரணித் தண்ணீர் குடிக்கப் பழகி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. குழாயைப் பகிர்ந்தவர்கள் மோட்டாரைப் பகிர்வதில் என்ன தடை?

இன்னும் ஒரு படி மேலே யோசிக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிறது. அதே காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. அதே காற்றுதான் சுரண்டை, ஆய்க்குடி, ஆலங்குளம் வட்டாரக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அருவியும் நிறைந்திருக்கும், காற்றாலையும் ஓடும், விடுதிகளும் நிரம்பும், விளக்கும் மோட்டாரும் கூடுதலாக ஓடும். தேவை உச்சத்தில் இருக்கும் மாதமும் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் மாதமும் ஒன்றாக அமைவது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் வயல்வெளியில் சுழலும் அந்த இறக்கைகளில் ஒன்றுகூட இந்த ஊர்களின் மன்றங்களுக்குச் சொந்தமென்று நான் கேள்விப்பட்டதில்லை.

நடக்கக்கூடியதுதான் இது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. செலவு 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, 1.15 கோடி வங்கிக் கடன். 1996 முதல் பத்தாண்டுகள் ஊராட்சித் தலைவராக இருந்த ஆர். சண்முகம் முன்னின்று செய்த வேலை. தன் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்று அந்த ஊராட்சி கடனை அடைத்தது. ஒரு கிராம ஊராட்சி தனியாகச் செய்ததை, இங்கே பத்து மன்றங்கள் சேர்ந்து செய்தால் ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு சிறிதாக இருக்கும்! மின்வாரிய விதிகள் 2006இல் இருந்தது போல இல்லை; காற்றாலையின் விலையும் மாறிவிட்டது. கணக்கைப் புதிதாகத்தான் போட வேண்டும். ஆனால் போட்டுப் பார்க்கவாவது ஒரு கூட்டம் கூட வேண்டுமே.

வயல் மனையாகும் வேகம்

மாவட்டத் தலைநகர் ஆனதும் தென்காசியைச் சுற்றி மனை விலை ஏறியது. நஞ்சை நிலத்தில் கல் நடுகிறார்கள். அனுமதியற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, 2017இல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகும், ஒரு குளத்தின் வரத்துக் கால்வாய் எந்த ஊர் வழியாக வந்து எந்த ஊர்க் குளத்தை நிரப்புகிறது என்று பார்த்து மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. மேல் ஊரில் கால்வாயைக் குறுக்கினால் கீழ் ஊரில் குளம் காயும். பெருமழை வந்தால் மேல் ஊரில் வீடு மிதக்கும். இந்த வட்டாரத்தின் பழைய விவசாயிகளுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மடைக்குடும்பர் (மடை காப்பவர்) முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியபோது, அடுத்த ஊர்க்காரனின் முறையையும் மனதில் வைத்துத்தான் மடையைத் திறந்தார்கள்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் பல ஊர்களைச் சேர்த்து மண்டலத் திட்டம், உள்ளூர்த் திட்டம் தயாரிக்க வழி வைத்திருக்கிறது. அதைவிட வலுவானது அரசியலமைப்பின் 243-இசட்.டி. பிரிவு. 74ஆவது திருத்தத்தில் வந்தது. மாவட்டந்தோறும் ஒரு திட்டக் குழு இருக்க வேண்டும். ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களை அது ஒன்றாக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான இடத் திட்டமிடல், தண்ணீர்ப் பங்கீடு, உள்கட்டமைப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றைக் கருத வேண்டும். உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் அதன் தலைவர். இந்தக் கட்டுரையில் கேட்கப்படும் அத்தனையும் அந்த ஒரே பிரிவில் இருக்கிறது. தென்காசியில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரிலும் நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியிலும் நடந்தன. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க அதற்குமேல் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இந்தக் குழு பெயரளவில் நிற்பதுதான் துயரம். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் 1996 மக்கள் திட்ட இயக்கத்துக்குப் பின், மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் உள்ளாட்சித் திட்டம் நகராது. புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் இருக்கிற ஆரியங்காவு பஞ்சாயத்துக்கு வழக்கமாகிவிட்ட ஒன்று, புளியரை ஊராட்சிக்கு இன்னும் புதுமை.

இணைத்துவிட்டால் போதுமா?

இத்தனை சிக்கல் எதற்கு, பேரூராட்சிகளை எல்லாம் தென்காசியோடு இணைத்துப் பெரிய நகராட்சியாக்கிவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. இணைத்தால் வரி ஏறும், தெருக்குழாய் ரிப்பேர் என்று சொல்ல ஆள் தேடித் தென்காசி வரை போக வேண்டும். வடகரையில் யானை தென்னந்தோப்புக்குள் இறங்கினால் ராத்திரியே வந்து நிற்கிறவர் வார்டு உறுப்பினர். அவர் இடத்தில் எட்டாத தூரத்து நகராட்சியை வைப்பது முன்னேற்றம் ஆகாது. பிரான்ஸில் இன்றும் ஏறத்தாழ 35,000 கம்யூன்கள் இருக்கின்றன. பல நம் குக்கிராமத்தைவிடச் சிறியவை. அவற்றைக் கலைக்காமல், தண்ணீர், மின்சாரம் போன்ற வேலைகளுக்கு மட்டும் பல ஊர்கள் சேர்ந்து சங்கம் அமைத்துக்கொள்ள 1890இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. ஊர் தன் பெயரோடும் மன்றத்தோடும் இருக்கும். வேலை பொதுவில் நடக்கும்.

நம் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஒவ்வொரு மார்கழியிலும் அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து கிளம்பி, செங்கோட்டை, தென்காசி வழியாக, மேக்கரை தாண்டி அச்சன்கோவில் போகிறது. இரண்டு மாநிலப் போலீஸ், இரண்டு மாநில அதிகாரிகள், வழியெல்லாம் ஊர்ச் சபைகள். யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்ற சண்டை அன்று கிடையாது. தேதி தெரியும், பாதை தெரியும், பொறுப்பு தெரியும். அதனால் வேலை நடக்கிறது. சீசனும் ஆண்டுதோறும் தேதி சொல்லித்தான் வருகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். தென்காசி, செங்கோட்டை நகராட்சிகளும், சுற்றியுள்ள பேரூராட்சிகளும், ஆயிரப்பேரி முதல் புளியரை வரையுள்ள ஊராட்சிகளும் மாதம் ஒரு நாள் கூடட்டும். மூன்று பொருள் போதும்: அருவிகளுக்குப் பொதுவான வெள்ள எச்சரிக்கை, சீசனுக்கு முன் வாகன நிறுத்த வருமானப் பங்கீட்டு ஒப்பந்தம், எல்லா மோட்டார்களுக்கும் ஒரே ஆற்றல் தணிக்கை. மூன்றும் அடுத்த ஜூனுக்குள் முடியக்கூடியவை. பெரிய நிதியும் கேட்காதவை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் இந்தப் பத்துப் பன்னிரண்டு ஊர்களில் ஒன்றில் குடியிருந்தால், உங்கள் வார்டு உறுப்பினரைப் பாருங்கள். பக்கத்து ஊர் மன்றத்தோடு கூட்டுக் கூட்டம் நடத்தக் கோரும் தீர்மானத்தை அடுத்த மன்றக் கூட்டத்தில் பொருளாக வைக்கச் சொல்லுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில் நீங்களே எழுந்து நின்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.